கடைப் பலகை மாட்டுவதற்கு முன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் கறித்தூள் அரைத்துப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கியபோது நான் முதலில் வாங்கியது அரைவை மெஷின். அடுத்தது தராசு. அதற்கடுத்தது பை ஒட்டும் சீலர். இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகுதான் வியாபாரப் பெயரைப் பதியப் போனேன். என் அடையாள அட்டையையும் கடை வாடகை ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உத்தியோகத்தர், "தங்கச்சி, இது ரெண்டு ஆளுடைய பெயர் மாதிரி இருக்குதே" என்றார். ஒப்பந்தம் என் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதப்பட்டிருந்தது. அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் வேறு எழுத்துகளில் இருந்தது. அதைச் சரிசெய்ய இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதமும் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது, கடை வாடகை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தையல் கடை, பேக்கரி, சலூன், பூச்செடி நாற்றுமேடை என்று தொழில் தொடங்கிய பலருக்குப் படிவம் நிரப்ப உதவியிருக்கிறேன். எல்லோரும் இடறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தொழில் தொடங்கும்போது பணம் ஒரு தடை என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரும் முகவரியும் அதே அளவு தடை என்பது உள்ளே இறங்கினால்தான் தெரியும். ஆகவே மற்ற வழிகாட்டிகள் கடைசியில் ஒரு வரியில் சொல்கிற விஷயத்தை நான் முதலில் வைக்கிறேன்.

முதல் வேலை: உங்கள் பெயர் எல்லாக் கடதாசியிலும் ஒன்றா?

ஒரு பைல் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வீட்டுக் கடதாசி ஏதாவது இருந்தால் அது, திருமணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வையுங்கள். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நம் முந்திய தலைமுறையின் பெயர்களை எழுதியவர்கள் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர்கள். தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் ஒரு விதம், ஆஸ்பத்திரித் துண்டில் ஒரு விதம், பதிவாளர் எழுதியது இன்னொரு விதம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பங்கள், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை கட்டம் கட்டமாகத்தான் குடியுரிமை பெற்றன. அந்த ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் நம் தாத்தாவின் பெயரைத் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். அதன் சுமை இன்று உங்கள் விண்ணப்பப் படிவத்தில் வந்து நிற்கிறது. வெட்கப்படவோ பயப்படவோ இதில் ஒன்றுமில்லை. சரிசெய்ய வழி இருக்கிறது.

சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் அது போதும். பெரிய வித்தியாசம் என்றால் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது நல்லது. அதற்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அடையாள அட்டையில் பிழை என்றால் கிராம உத்தியோகத்தர் வழியாக, தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட முகாமையாளரான துரையின் உறுதிப்படுத்தலோடு, ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாள் எடுக்கும் வேலை இது. அதனால்தான் மெஷின் வாங்குவதற்கு முன் இதைத் தொடங்கச் சொல்கிறேன்.

இரண்டாவது: கடை நிற்கும் இடம் யாருடையது?

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொழும்பில் எழுதப்படும் கையேடுகளில் "காணி உறுதியின் பிரதி அல்லது குத்தகை ஒப்பந்தம்" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிற விஷயம், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கு ஒரு மலை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை போன்ற ரவுன்களில் கடை வாடகைக்கு எடுத்தால் வேலை சுலபம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இலங்கைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்துப் போட்ட கடதாசியை நம்பி இரண்டு வருட முற்பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பிணக்கு வந்தால் அந்தக் கடதாசியை வைத்து "எனக்கு இரண்டு வருடக் குத்தகை இருக்கிறது" என்று வாதாடுவது மிகக் கடினம். நொத்தாரிசுக்குக் கொடுக்கிற பணத்தைச் செலவு என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதப்படுகிறதா என்று அங்கேயே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். என்னைப் போல மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி தோட்டத்துக்குள் தொழில் செய்கிறவர்கள். பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம். 1970களில் தேசியமயமாக்கப்பட்ட தோட்டங்கள் ஜனவசம என்று நாம் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் வந்தன. 1992இல் அவற்றில் பெரும்பகுதி பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒப்படைக்கப்பட்டு நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. அதனால் லய அறையை நீங்கள் மூன்று தலைமுறையாக அனுபவித்து வந்தாலும் கடதாசியில் அது உங்களுடையது அல்ல. லயத்து முன்பக்கத்தில் கடை போடவோ, வீட்டில் வைத்துத் தைக்கவோ, தின்பண்டம் செய்யவோ பதிவு வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் தேவைப்படும். கந்தோருக்குப் போய் வாய்ப்பேச்சில் "செய்யுங்க" என்று சொன்னதை வைத்துக்கொண்டு வராதீர்கள். தோட்டத்தின் கடிதத் தலைப்பில், உங்கள் பெயர், அறை இலக்கம், பிரிவு, செய்யப்போகும் தொழில் ஆகியவை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம் வேண்டும். அதில் இரண்டு மூலப்பிரதி கேட்டு வாங்குங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, உள்ளூராட்சிச் சபைக்கு ஒன்று.

7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களும், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களும் கையில் இருக்கும் கடதாசி எது என்று பாருங்கள். உறுதியா, காணி ஒதுக்கிய கடிதமா, வீடு கையளித்த சான்றிதழா? உறுதி இன்னும் வரவில்லை என்றால் இருப்பதன் பிரதியோடு கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, இந்த முகவரியில் நீங்கள் வசிப்பதையும் தொழில் செய்யப்போவதையும் அவருடைய அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தோட்டக் காணியில் ஒரு துண்டைக் "கைக்கடதாசி" எழுதி விற்கிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அரச காணியை அப்படி விற்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கே கடை கட்டினால் ஒருநாள் உடைக்கச் சொல்லி வருவார்கள். கொடுத்த பணமும் திரும்பாது.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் மண்சரிவு விஷயமும் உண்டு. நம் மாவட்டங்களில் கட்டிட வரைபட அனுமதிக்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலை எப்படி இறங்கியது என்று பார்த்த எவருக்கும் அந்த அறிக்கை ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. பின்சுவருக்கு மேலே செங்குத்தாக வெட்டிய மண் நிற்கும் கடையை, வாடகை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

மூன்றாவது: தனியாளா, கூட்டா, கம்பனியா?

புதிதாகத் தொடங்குபவர்களில் அநேகருக்குத் தனியாள் வியாபாரமே போதும். செலவு குறைவு, கணக்கு இலகு, வரிச் சலுகையும் உங்களுக்கே. தொழிலில் கடன் வந்தால் உங்கள் சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பு என்பதுதான் அதன் குறை.

அண்ணன் தம்பி, மச்சான், கூட்டாளி என்று சேர்ந்து தொடங்கினால் அது பங்குடைமை. போடும் முதலீடு 1,000 ரூபாவுக்கு மேல் என்றால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன அதே 1840ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்று 1,000 ரூபாவுக்குள் தொடங்கும் தொழில் எது? ஆகவே எல்லோரும் எழுத வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள், லாபத்தில் பங்கு எவ்வளவு, வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து, ஒருவர் விலகினால் அவருக்கு எப்படிக் கணக்கு முடிப்பது, ஒருவர் இறந்தால் என்ன செய்வது. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் ஒரு பக்கக் கடதாசி போதும். "சொந்தத்துக்குள்ள என்னத்துக்குக் கடதாசி" என்று கேட்பார்கள். சொந்தம் முறியாமல் இருக்கத்தான் கடதாசி. ஒரே பந்தலில் சிரித்து நின்றவர்கள் ஒரு பேக்கரியைப் பிரிக்கும்போது முகம் பார்க்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன்.

கம்பனி என்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கொழும்பில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரே ஆள் பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருந்து தனியார் கம்பனி தொடங்க முடியும். ஆனால் கம்பனிச் செயலாளர் ஒருவரை வைக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். வரியும் வேறு கணக்கு: தனியாளுக்கு உள்ள வருமான விலக்கு கம்பனிக்குக் கிடையாது, பொது வீதம் 30 சதவீதம். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி, பெரிய ஒப்பந்தம், வெளியாள் முதலீடு என்று வரும்போது கம்பனியாக மாறிக்கொள்ளலாம். "கம்பனி" என்ற பெயர் கௌரவமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பதிந்து, வருடாவருடம் செயலாளர் கட்டணம் கட்ட முடியாமல் விட்டவர்கள் உண்டு.

நான்காவது: பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்

உங்கள் சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரில் தொழில் நடத்தினால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். இந்தச் சட்டம் 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. இப்போது மாகாணங்களிடம் இருக்கிறது. அதனால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டத்தார் மத்திய மாகாணப் படிவத்தையும், பதுளைப் பக்கத்தவர்கள் ஊவா மாகாணப் படிவத்தையும், இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தவர்கள் சப்ரகமுவப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். பண்டாரவளைச் சொந்தக்காரரிடம் படிவம் வாங்கி வந்து ஹட்டனில் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

கடை எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. வீடு வேறு பிரிவில் இருந்தாலும் பரவாயில்லை. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரிவுகளே இருந்தன. பின்னர் அவை பிரிக்கப்பட்டு நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் வந்திருக்கின்றன. பழைய நினைப்பில் பஸ் ஏறாமல், உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் எந்தச் செயலகம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: நிரப்பிய விண்ணப்பம், கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்கான உறுதி அல்லது ஒப்பந்தம் அல்லது சம்மதக் கடிதம். சாப்பாட்டுத் தொழில், மருந்து, இயந்திர வேலை போன்றவற்றுக்குச் சம்பந்தப்பட்ட திணைக்களத்தின் அனுமதியையும் கேட்கலாம். கிராம உத்தியோகத்தர் எந்தெந்தக் கிழமையில் கந்தோரில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்துப் போனால் ஒருநாள் சம்பளம் மிச்சம்.

தமிழில் படிவம் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள். தமிழில் விண்ணப்பிப்பதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை, யாரும் செய்யும் தயவு அல்ல. படிவம் முடிந்துவிட்டது, சிங்களத்தில்தான் இருக்கிறது என்றால் "எப்போது வரும் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். புரியாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெயர் பற்றி இரண்டு விஷயம். அரச நிறுவனம் போலத் தோன்றும் சொற்களைத் தவிருங்கள். அப்புறம், வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் நாடெங்கும் உங்களுக்கே சொந்தம் என்று நினைக்காதீர்கள். பை மேல் அச்சடிக்கும் பெயரையும் சின்னத்தையும் மற்றவர் எடுக்காமல் காக்க வேண்டுமானால் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். அது பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். முதல் நாளே அது தேவையில்லை. உங்கள் பையை மற்றக் கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கும்போது யோசியுங்கள்.

சான்றிதழ் கிடைத்தால் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும், அது சட்டம். மூலப்பிரதியை மாட்டுவதற்கு முன் நாலைந்து போட்டோ கொப்பி எடுத்துப் பைலில் வையுங்கள். வங்கியில் வியாபாரப் பெயரில் கணக்குத் திறக்க இது வேண்டும். தனிக் கணக்கு கட்டாயம் திறங்கள். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே புத்தகத்தில் கிடந்தால் லாபம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது.

ஐந்தாவது: சபையின் அனுமதி

பெயர்ப் பதிவு வேறு, தொழில் நடத்த அனுமதி வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்து இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, இவற்றில் எதன் எல்லைக்குள் கடை இருக்கிறதோ அங்கே வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அல்லது தொழில் வகையைப் பொறுத்து வியாபார வரி கட்ட வேண்டும். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான். நவம்பரில் எடுத்தாலும் ஜனவரியில் மறுபடி எடுக்க வேண்டும். அதனால் வருடக் கடைசியில் தொடங்குகிறவர்கள், முடிந்தால் ஜனவரி முதல் வாரத்துக்குத் திட்டமிடுங்கள்.

எந்தச் சபை என்பதும் இங்கே குழப்பம்தான். முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் உருவாகின. ஹட்டன்-டிக்கோயாவுக்கும் தலவாக்கலை-லிந்துலவுக்கும் நகர சபை. நீண்ட காலமாகப் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டமே தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது. இன்று தோட்டத்துக்குள் தொழில் செய்கிறவரும் சபைக்குக் கட்டணம் கட்டலாம், குப்பை அள்ளவும் பாதைக்கு விளக்குப் போடவும் கேட்கலாம். கட்டணத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சாப்பாட்டுத் தொழில் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயாவை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கைலஞ்சம் கொடுக்கச் சொல்லவில்லை. சுவருக்கு டைல் ஒட்டும் முன், தண்ணீர்க் குழாய் போடும் முன், அவரை அழைத்து இடத்தைக் காட்டி என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்கிறேன். எல்லாம் கட்டிய பிறகு வந்து "கை கழுவ இடம் எங்கே, கழிவுநீர் எங்கே போகிறது" என்று கேட்டால் உடைத்துக் கட்ட வேண்டி வரும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ்தான் அவர் வருகிறார். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் தேவை. பையில் அடைத்து விற்றால் பொருளின் பெயர், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உள்ளடக்கம், தயாரித்தவர் முகவரி, விலை எல்லாம் லேபிளில் வர வேண்டும். என் முதல் ஆயிரம் லேபிளில் தொகுதி இலக்கத்துக்கு இடமே விடவில்லை. அத்தனையும் வீண்.

புகை, சத்தம், கழிவுநீர் வரும் தொழிலுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். சின்ன அரைவை ஆலை போன்ற சிறு தொழில்களுக்கு அதை உள்ளூராட்சிச் சபையே கொடுக்கும், பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. தராசு வைத்திருப்பவர்கள் வருடந்தோறும் முத்திரை குத்த வேண்டும். விலைப்பட்டியல் கடையில் தொங்க வேண்டும், பில் கேட்டால் கொடுக்க வேண்டும். இது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். வீட்டு மீட்டரில் கடை நடத்தினால் மின்சாரக் கட்டண வகையையும் மாற்ற வேண்டும்.

தேயிலைத் தூள் விற்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வியாபாரம் அதுதான். பதிந்த பெக்கட்டுகளை வாங்கிக் கடையில் விற்பது ஒன்று, மொத்தமாகத் தூளை வாங்கிச் சொந்தப் பெயரில் அடைப்பது வேறு. இரண்டாவதற்கு இலங்கைத் தேயிலைச் சபையின் பதிவு வேண்டும். கழிவுத் தேயிலையை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதும் ஏற்றிப் போவதும் குற்றம். மலிவாகத் தூள் தருகிறேன் என்று இரவில் வருகிறவரிடம் வாங்கிப் பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஆறாவது: வரி

வரி என்றதும் பயம் வருகிறது. பயத்தால் பலர் பதிவே செய்யாமல் ஒளிந்திருக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், எல்லோரும் டின் நம்பர் என்று சொல்வது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ, பிராந்திய அலுவலகத்திலோ எடுக்கலாம். கட்டணம் இல்லை. தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் அடையாள அட்டைக்கு ஏற்கெனவே ஒரு இலக்கம் வழங்கப்பட்டிருக்கலாம், அதை முதலில் சரிபாருங்கள். டின் எடுத்ததால் வரி கட்ட வேண்டும் என்று ஆகாது. நடைமுறைக் கணக்குத் திறக்க, வாகனம் பதிய, கட்டிட வரைபடத்துக்கு என்று பல இடத்தில் அது கேட்கப்படுகிறது. வருமான வரிக்கோப்புத் திறப்பது அதற்கு அடுத்த படி.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரல் முதல் தனியாளுக்கு ஆண்டு வருமானத்தில் 18 லட்சம் ரூபா விலக்கு. அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 லட்சத்துக்கு 24, அதற்கடுத்த 5 லட்சத்துக்கு 30, மீதிக்கு 36.

இங்கே வருமானம் என்பது கல்லாப் பெட்டியில் விழுந்த பணம் அல்ல. சரக்கு, வாடகை, சம்பளம், மின்சாரம், போக்குவரத்து போன்ற தொழிற் செலவைக் கழித்த பிறகு நிற்கும் லாபம். உங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,50,000 ரூபா லாபம் வந்தால் ஆண்டுக்கு 18 லட்சம், வருமான வரி பூச்சியம். மாதம் 2 லட்சம் லாபம் என்றால் ஆண்டுக்கு 24 லட்சம். 18 லட்சம் போக 6 லட்சத்துக்கு 6 சதவீதம், வருடத்துக்கு 36,000 ரூபா, மாதத்துக்கு 3,000. மாதம் 3 லட்சம் லாபம் எடுப்பவருக்கு 60,000, 90,000, 72,000 என்று சேர்ந்து வருடத்துக்கு 2,22,000 ரூபா. வீட்டுச் சாமான், பிள்ளையின் டியூஷன், திருவிழாவுக்குக் கொடுத்த காசு இவை தொழிற் செலவில் வராது.

வரி கட்ட வேண்டியவர்கள் அதை நான்கு தவணையாகக் கட்டுவார்கள்: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மீதி இருந்தால் செப்டம்பர் 30க்குள். வருமானக் கணக்கைக் காட்டும் விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். இந்தத் திகதிகளைக் கலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், தவறினால் தண்டப்பணம். பங்குடைமை என்றால் பங்குடைமைக்கும் தனியாக விபரத்திரட்டு உண்டு, பங்காளிகள் தங்கள் பங்கைத் தங்கள் வருமானத்தில் காட்ட வேண்டும்.

18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரியும் புரள்வு ஒரு எல்லையைத் தாண்டியவர்களுக்கே. 2024 தொடக்கத்தில் வற் எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபாவாக்கப்பட்டது. இரண்டுக்கும் எல்லையை 2026 ஏப்ரலிலிருந்து 3 கோடியே 60 லட்சமாகக் குறைக்க 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. இந்த எல்லை லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் பார்க்கப்படுகிறது. மாதம் 30 லட்சத்தை நெருங்கும் மொத்தக் கடைக்காரர் கவனமாக இருக்கட்டும், மற்றவர்கள் வற் பதிவு இல்லாமல் பில்லில் வற் போட்டு வாங்காமல் இருந்தால் சரி. வீதங்களும் எல்லைகளும் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் மாறக்கூடியவை. 1944க்கு அழைத்தால் இறைவரித் திணைக்களத்திலேயே கேட்கலாம்.

கணக்கு எழுதுவதற்கு மென்பொருள் வேண்டாம். ஒரு நீளக் கொப்பி போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, ஒவ்வொரு இரவும் ஐந்து நிமிடம். வாங்கிய பில்களை மாதவாரியாக உறையில் போட்டு ஐந்து வருடம் வைத்திருங்கள். வெயிலில் மங்கும் பில்களைப் போட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். நம் மழைக்காலத்து ஈரத்தில் கடதாசி பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள்.

ஏழாவது: ஆள் வைத்தால்

ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதியும் (ஈ.பி.எஃப்.) ஊழியர் நம்பிக்கை நிதியும் கட்ட வேண்டும். தொழில் திணைக்களத்தில் பதிய வேண்டும், ஹட்டனிலேயே அலுவலகம் இருக்கிறது. சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியரின் பங்கு 8 சதவீதம், உங்கள் பங்கு 12, அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு உங்கள் கையிலிருந்து 3. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைத்தால் அவளிடம் 2,400 கழித்து, நீங்கள் 3,600உம் 900உம் போட்டு, அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். ஆக உங்களுக்கு அவளால் மாதச் செலவு 34,500. விலை போடும்போது 30,000 என்று கணக்கிட்டுவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள்.

ஈ.பி.எஃப். என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் அம்மாமார் முப்பது வருடம் கொழுந்து பறித்துக் கடைசியில் கையில் எடுத்தது அந்தப் பணம்தான். அதில் வீட்டுக்குக் கூரை மாற்றினார்கள், பிள்ளைக்குக் கல்யாணம் செய்தார்கள். அது சரியாகக் கட்டப்படாத தோட்டங்களில் அவர்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். அந்த வீட்டில் வளர்ந்தவர் முதலாளி ஆன பிறகு இன்னொரு அம்மாவின் பிள்ளைக்கு அதைக் கட்டாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை, ஒன்றரை நாள் விடுமுறை. 16 வயதுக்குக் குறைந்தவரை வைக்கக் கூடாது. "ஸ்கூல் விட்டுட்டான், சும்மாதானே இருக்கான்" என்று பக்கத்து லயத்துப் பையனை நிறுத்த வேண்டாம். நியமனக் கடிதம் கொடுங்கள், சம்பளத் துண்டு கொடுங்கள், வருகைப் புத்தகம் வையுங்கள்.

எங்கே உதவி?

பிரதேச செயலகத்தில் சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பயிற்சி, கடன் திட்டம், கண்காட்சி பற்றி அவர்களுக்குத் தெரியும். கேட்டுப் போகிறவர்கள் குறைவு. கிழமைக் கடன் தரும் கம்பனிகளிடம் போவதற்கு முன் அவர்களிடம் போங்கள். அரச அலுவலகம் எது, எந்த இலக்கம் என்று தெரியாவிட்டால் 1919க்கு அழையுங்கள்.

இன்னொரு விஷயம், இதை யாரும் ஆரம்பத்தில் சொல்வதில்லை. தொழிலை நிறுத்தினாலோ, இடம் மாறினாலோ, பங்காளி விலகினாலோ அதையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் பெயரை நீக்க வேண்டும், சபைக்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் தொலைத்தொடர்புக் கடையை மூடிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனார். பலகையைக் கழற்றினார், பதிவை நீக்கவில்லை. மூன்று வருடம் கழித்து லயத்துக்கு ஒரு கடிதம் வந்தது, விபரத்திரட்டு ஏன் அனுப்பவில்லை என்று. கடை மூடிய திகதியைக் காட்ட அவரிடம் இருந்தது கடைசி வாடகைப் பற்றுச்சீட்டு மட்டும்தான். அவருடைய அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.